நோட்புக்கிலிருந்து அச்சுத் தாளுக்கு: என்பிகன்வர்ட் நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

ஜூப்பிட்டர் நோட்புக்கில் (விளக்கம், நிரல், விடை மூன்றையும் ஒரே கோப்பில் வைக்கும் வசதி) தமிழ் விளக்கத்தோடு எழுதிய பாடங்களை ஹெச்டிஎம்எல்லாகவும் பிடிஎஃப்பாகவும் மாற்றுவது இந்த வார வேலை. கருவி என்பிகன்வர்ட், 7.16 பதிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எளிய வடிவம் இது:

ஜூப்பிட்டர் என்பிகன்வர்ட் --டு ஹெச்டிஎம்எல் பாடம்1.ஐபிஒய்என்பி

இந்தக் கட்டளை நிரலை ஓட்டாது. நோட்புக் என்பது ஒரு ஜேசான் கோப்பு, அதாவது தரவை வெறும் உரையாக வைக்கும் கோப்பு. ஒவ்வொரு செல்லின் (நிரலோ விளக்கமோ எழுதும் பெட்டி) உரையும், கடைசியாக ஓடியபோது வந்த வெளியீடும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. என்பிகன்வர்ட் அவற்றை அப்படியே எடுத்துக் கோக்கிறது. நிரலை மாற்றிவிட்டு ஓட்டாமல் சேமித்திருந்தால், புதிய நிரலுக்குக் கீழே பழைய விடைதான் அச்சாகும். செல்கள் ஓடிய வரிசையைக் காட்டும் எண்கள் 7, 3, 12 என்று முன்பின்னாக இருந்தால் அந்த நோட்புக்கை நம்பவே கூடாது.

அதனால் --எக்ஸிக்யூட் சேர்க்காமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. அது புதிய கர்னலை (நிரலைப் பின்னணியில் ஓட்டும் இயந்திரம்) திறந்து மேலிருந்து கீழாக ஓட்டி, வந்த விடைகளை வைத்து ஆவணம் செய்யும். மூல நோட்புக் மாறாது. அதிலும் புது விடைகள் ஏற வேண்டுமென்றால் --எக்ஸிக்யூட்டோடு --டு நோட்புக் --இன்பிளேஸ் என்றும் கொடுக்க வேண்டும்.

2025 மார்ச் 4, செவ்வாய்

மூன்று நோட்புக்குகள் ஓட மறுத்தன.

ஒன்றில் ‘நோ சச் கர்னல்’ பிழை. நோட்புக்கின் மெட்டாடேட்டாவில் (கோப்பைப் பற்றிய குறிப்புகள்) அதை எழுதியவர் கணினியில் இருந்த கர்னலின் பெயர் பதிந்திருக்கிறது; இந்தக் கணினியில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. --எக்ஸிக்யூட்ப்ரீப்ராசஸர்.கர்னல்_நேம்=பைத்தான்3 என்று கொடுத்தால் போதும்.

மற்ற இரண்டில் நடுவில் ஒரு செல் பிழை தந்தது. வேலை அங்கேயே நின்றுவிட்டது, வெளியீட்டுக் கோப்பே உருவாகவில்லை. --அலவ்-எரர்ஸ் போட்டால் பிழைச் செய்தியும் சேர்ந்து ஆவணத்தில் வரும். பிழையைக் காட்டுவதே பாடமாக இருந்தால் அது சரி. மற்ற இடத்தில் அதைப் போடுவது உடைந்த பாடத்தை மறைப்பதுதான். செல்லைச் சரிசெய்வதே முறை.

2025 மார்ச் 5, புதன்

பிடிஎஃப் நாள். --டு பிடிஎஃப் என்பது நேர் வழி இல்லை. மார்க்டவுன் செல்களை (எளிய குறிகளோடு எழுதிய விளக்க உரை) பாண்டாக் என்ற வடிவமாற்றி லேட்டெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மொழிக்கு மாற்றும். பிறகு எக்ஸ்இலேட்டெக் என்ற நிரல் அதைப் பிடிஎஃப் ஆக்கும். இரண்டையும் தனியாக நிறுவியிருக்க வேண்டும். உபுண்டுவில் பாண்டாக்கோடு டெக்ஸ்லைவ்-எக்ஸ்இடெக், டெக்ஸ்லைவ்-ஃபான்ட்ஸ்-ரெகமண்டட், டெக்ஸ்லைவ்-பிளெய்ன்-ஜெனரிக் என்ற மூன்று பொதிகளும் வேண்டும்.

உலாவியில் அழகாக இருந்தது தாளில் கலைவதற்குப் பெரும்பாலும் பாண்டாக்கின் கண்டிப்புதான் காரணம். பத்திக்கு அடுத்த வரியிலேயே பட்டியலைத் தொடங்கினால் ஜூப்பிட்டர் அதைப் பட்டியலாகவே காட்டும். பாண்டாக்குக்கு நடுவில் ஒரு வெற்று வரி வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். தலைப்புக்கு முன்னும் அப்படியே. சூத்திரத்தில் தொடக்க டாலர் குறிக்குப் பிறகு இடைவெளி விட்டால் ஜூப்பிட்டர் கண்டுகொள்ளாது. பாண்டாக் அதைச் சூத்திரமாகவே எடுக்காது.

பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ் தரும் அட்டவணையும் சாதாரண எழுத்தாகச் சரிந்து வந்தது. டேட்டாஃப்ரேம் எனப்படும் அந்த அட்டவணை ஹெச்டிஎம்எல், வெற்று உரை என இரு வடிவில்தான் தன்னைச் சேமிக்கிறது. லேட்டெக்ஸுக்கு ஹெச்டிஎம்எல் உதவாது, மிச்சம் வெற்று உரை. அட்டவணையை டு_லேட்டெக்ஸ் வழியாக எடுத்து, ஐபைத்தானின் லேட்டெக்ஸ் பொருளாகக் காட்டினால் ஒழுங்கான கோடுகளோடு வருகிறது.

2025 மார்ச் 6, வியாழன்

தமிழ் எழுத்துகள் காணாமல் போகின்றன. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை, பிடிஎஃப் ‘வெற்றி’. திறந்தால் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே வெள்ளை இடம்.

இயல்பாக வரும் லத்தீன் மாடர்ன் எழுத்துருவில் தமிழ் கிடையாது. எக்ஸ்இலேட்டெக் இதை லாக் கோப்பில் (ஓட்டத்தின் பதிவேடு) ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். என்பிகன்வர்ட்டோ வேலை தோற்றால்தான் லாக்கைக் காட்டும். ஆகவே ஒரு முறையாவது --டு லேட்டெக்ஸ் கொடுத்து, வந்த டெக் கோப்பை எக்ஸ்இலேட்டெக்கில் கையால் ஓட்டி, லாக்கில் அந்த இரண்டு சொற்களைத் தேட வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் தமிழ்ப் பாடம் ஒன்று வெற்றுத் தாளாக மாணவர் கைக்குப் போகும்.

தீர்வுக்கு ஒரு சிறு டெம்ப்ளேட் (ஆவணத்தின் அச்சு மாதிரி). வேலை செய்யும் அடைவுக்குள் ‘தமிழ்த்தாள்’ என்ற பெயரை ஆங்கில எழுத்தில் கொண்ட ஓர் அடைவு. அதில் இரண்டு கோப்புகள். கான்ஃப்.ஜேசானில் பேஸ்_டெம்ப்ளேட் லேட்டெக்ஸ் என்று ஒரே வரி. இன்டெக்ஸ்.டெக்.ஜே2 கோப்பு, மூல லேட்டெக்ஸ் டெம்ப்ளேட்டை நீட்டித்து, பேக்கேஜஸ் பிளாக்கில் முதலில் சூப்பரை (மூலத்தில் உள்ளதை அப்படியே தக்கவைக்கும் அழைப்பு) அழைத்து, அடுத்து எழுத்துருவைக் குறிக்கும் செட்மெய்ன்ஃபான்ட் வரியைச் சேர்க்கிறது. சுருள் அடைப்புக்குறி டெக்கோடு மோதும் என்பதால், இந்த டெம்ப்ளேட்டுகளில் ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் மொழியின் குறிகள் வழக்கமானவை இல்லை: பிளாக்குக்கு இரட்டை வளைவு அடைப்பும் நட்சத்திரமும்.

எழுத்துரு தேர்வில் ஒரு கவனம். தமிழ் மட்டும் உள்ள எழுத்துருவைப் போட்டால் இந்த முறை ஆங்கிலம் மறையும். இரண்டும் உள்ள ஃப்ரீசெரிஃப் பொருந்தியது. ஸ்கிரிப்ட்=தமிழ் என்ற விருப்பத்தை விடவே கூடாது. அது இல்லாமல் ஓட்டிய தாளில் ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்து வடிவம் இருந்தால் மட்டும் போதாது. கொம்பை முன்னால் கொண்டுவரும் விதியும் இயங்க வேண்டும்.

2025 மார்ச் 7, வெள்ளி

உரை சரியாகிவிட்டது. நிரல் செல்லில் இருந்த தமிழ்க் கருத்துவரிகள் இன்னும் வெள்ளை. அங்கே வேறு எழுத்துரு, சம அகலம் கொண்டது; அதிலும் தமிழ் இல்லை. அதை மாற்றினால் ஆங்கில நிரலின் வரிசை கெடுகிறது.

இங்கே வெப்பிடிஎஃப்புக்கு மாறினேன். நோட்புக்கை ஹெச்டிஎம்எல் ஆக்கி, குரோமியம் உலாவியை மறைவில் திறந்து, அதிலிருந்து அச்சிடும் வழி இது. ஓர் எழுத்துருவில் எழுத்து இல்லையென்றால் உலாவி தானே வேறொன்றைத் தேடிக்கொள்ளும். கணினியில் ஒரு தமிழ் எழுத்துரு இருந்தால் போதும். என்பிகன்வர்ட்டை வெப்பிடிஎஃப் கூடுதல் பொதியோடு நிறுவி, ப்ளேரைட் இன்ஸ்டால் குரோமியம் என்று ஒருமுறை ஓட்ட வேண்டும். டாக்கர் என்ற தனிப் பெட்டிக்குள் ரூட்டாக (முழு உரிமையுள்ள பயனராக) ஓட்டினால் குரோமியம் திறக்காது, --டிஸேபிள்-குரோமியம்-சேண்ட்பாக்ஸ் தேவை.

பாண்டாஸ் அட்டவணையும் ஹெச்டிஎம்எல் வடிவிலேயே நேராக வருகிறது. நிரலில் தமிழ் கலந்த பாடங்களுக்கு வெப்பிடிஎஃப், சூத்திரம் நிறைந்த நீண்ட அறிக்கைக்கு லேட்டெக்ஸ் என்று பிரித்துவிட்டேன்.

2025 மார்ச் 10, திங்கள்

வரைபடத்தின் எக்ஸ், ஒய் அச்சுகளின் பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாக நிற்கின்றன. இதில் என்பிகன்வர்ட்டுக்குப் பங்கில்லை. படம் மேட்பிளாட்லிப்பில் (வரைபடம் வரையும் பைத்தான் நூலகம்) உருவாகும்போதே கெட்டுவிட்டது. ‘கிளிஃப் 2965 மிஸ்ஸிங்’ என்ற எச்சரிக்கையில் உள்ள 2965 என்பது ‘க’வின் யூனிகோட் எண். அதன் இயல்பான எழுத்துரு டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. எழுத்துருவை மாற்றினால் கட்டம் போகும், ஆனால் இங்குள்ள 3.8 பதிப்பு கொம்பை இடம் மாற்றாது. அச்சுப் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்து, தமிழ் விளக்கத்தைப் படத்தின் கீழே மார்க்டவுன் செல்லில் எழுதிவிட்டேன்.

2025 மார்ச் 11, செவ்வாய்

தயாரிப்புச் செல்களை மறைக்க ‘ரிமூவ்_செல்’ என்ற குறிச்சொல். குறிச்சொல் உள்ள செல்களை நீக்கும் டேக்ரிமூவ்ப்ரீப்ராசஸரின் விருப்பங்களைக் கட்டளையில் நீட்டி எழுதினால் மேற்கோள் குறிகளில் தடுமாறுகிறது. அதே அடைவில் ஜூப்பிட்டர்_என்பிகன்வர்ட்_கான்ஃபிக்.பிஒய் கோப்பில் எழுதி வைத்தால் தானாகப் படித்துக்கொள்ளும். எனேபிள்ட்=ட்ரூ வரியையும் அதிலேயே எழுதிவிட்டேன்.

ஹெச்டிஎம்எல் பிரதிகளுக்கு --எம்பெட்-இமேஜஸ் சேர்த்தாயிற்று. மார்க்டவுனில் சுட்டிய படங்கள் கோப்புக்குள்ளேயே அடங்கும். சூத்திரங்களைக் காட்டும் மேத்ஜாக்ஸ் மட்டும் இணையத்திலிருந்து வருவதால், இணைப்பு இல்லாத ஆய்வகத்துக்குப் பிடிஎஃப்பையும் சேர்த்தே கொடுக்கிறேன்.