அம்பாசடர் பின் கண்ணாடி: கயிறு போட்டு ஏற்றும் முறை

பழைய அம்பாசடரில் பின் கண்ணாடி மாற்றிய பிறகும் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் கண்ணாடியில் இருக்காது. கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பில் இருக்கும். அந்த விளிம்பைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல பீடிங் (கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டை) போட்டாலும் ஒழுகும். மொத்த வேலையில் பாதி நேரம் அதற்கே போகும், போகவும் வேண்டும்.

இப்போது வரும் கார்களில் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள். அம்பாசடரில் பசை கிடையாது. ரப்பர் பீடிங்தான் எல்லாம். அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடி, எதிர்ப்பக்கப் பள்ளத்தில் பாடித் தகட்டின் விளிம்பு. அதனால்தான் இரண்டு பேரும் ஒரு கயிறும் இருந்தால் வீட்டு வாசலிலேயே இதைச் செய்ய முடிகிறது.

பின் கண்ணாடி டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றி இறுக்கியது. உடைந்தால் பயறு அளவுத் துண்டுகளாகக் கொட்டிவிடும். பின்சீட்டை வெளியே எடுத்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகை, ஸ்பீக்கர் ஓட்டை, டிக்கி மூலை எல்லாவற்றையும் வாக்குவம் போட்டு உறிஞ்சுங்கள். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணாடி உடையாமல் பீடிங் மட்டும் மாற்றுவதாக இருந்தால், பீடிங்கின் வெளிப்பக்க உதட்டை, அதாவது மேலே மடிந்து படியும் ரப்பர் ஓரத்தை, பிளேடால் சுற்றிலும் வெட்டி எடுத்துவிடுங்கள். பிறகு உள்ளிருந்து மேல் மூலைகள் இரண்டையும் உள்ளங்கையால் ஒரே சீராகத் தள்ளினால் கண்ணாடி வெளியே சாயும். வெளியே இன்னொருவர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். பழைய பீடிங்கைக் காப்பாற்ற நினைத்து நெம்ப வேண்டாம். வெயிலில் காய்ந்து கட்டையாகிப்போன ரப்பர் மறுபடி மூடாது.

கண்ணாடி வாங்கப் போகும்போது பழைய கண்ணாடி இல்லையென்றால், சார்ட் பேப்பரை ஓட்டையில் ஒட்டி விளிம்பைப் பென்சிலால் வரைந்து எடுத்துப் போங்கள். சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது கிடைக்கும். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது பொரிந்திருந்தால் அது வேண்டாம். டஃபன்டு கண்ணாடி தட்டையான பரப்பில் அடி தாங்கும், ஓரத்தில் தாங்காது. அளவு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, ஓரத்தைத் தேய்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூடேற்றி இறுக்கிய கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்டவோ தேய்க்கவோ முடியாது. அக்ரிலிக் ஷீட்டும் வேண்டாம், துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்து மங்கிவிடும். கழற்றிய கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் உரித்துவிடுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. பின் கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்பது விதி.

இனி முதலில் சொன்ன தகட்டு விளிம்பு. பழைய பீடிங்கை எடுத்ததும் கீழ் மூலைகள் இரண்டையும் பாருங்கள். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும், ரப்பர் மூடியிருந்த இடத்தில் தகடு அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே இறங்கும். தண்ணீர் அங்கேதான் தேங்கி நின்றிருக்கிறது. வயர் பிரஷ் போட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேயுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் 20 கேஜ் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்து, மேட்டைக் கிரைண்டரில் சமமாக்க வேண்டும். ஓட்டையை அடைக்கும் எம்-சீல், மேடுபள்ளம் நிரப்பப் பூசும் பட்டி இரண்டும் இந்த இடத்துக்கு ஆகாது. பட்டி பூசினால் விளிம்பு தடித்து பீடிங்கின் பள்ளத்தில் நுழையாது. நுழைத்தாலும் வண்டி குலுங்கும்போது விரிசல் விட்டு, அதன் வழியே தண்ணீர் இறங்கும். வெல்டிங் மேட்டை அப்படியே விட்டால் கண்ணாடி ஓரத்தில் ஒரே புள்ளியில் அழுத்தம் நிற்கும். ஒரு நாள் நல்ல வெயிலில் காரணமே தெரியாமல் வெடிக்கும் கண்ணாடிகளில் பல இப்படிப்பட்டவை. எபாக்சி பிரைமர், அதன் மேல் பெயிண்ட், பிறகு இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரப் பெயிண்டில் ரப்பர் ஒட்டிக்கொண்டு நகராது.

மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங் என்றால் கண்ணாடியின் சுற்றளவைவிட 10 மி.மீ. கூடுதலாக வெட்டி, அழுத்தி நுழைத்து ஒட்டுங்கள். சரியான அளவுக்கு வெட்டினால் நாளடைவில் சுருங்கி இணைப்பு திறந்துவிடும். இணைப்பு மேலே நடுவில் வரட்டும், கீழே வேண்டாம்.

பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டியதும், விளிம்பு நுழையும் பள்ளத்தில் 4 அல்லது 5 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். அதைவிட மெல்லிய கயிறு ரப்பர் உதட்டை அறுத்துவிடும். சுற்றளவோடு ஒரு மீட்டர் சேர்த்து வாங்கினால் போதும். கீழே நடுவில் தொடங்கி, சுற்றி வந்து, அங்கேயே ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும்படி விட்டு, இரண்டு முனைகளையும் வண்டிக்குள் தொங்கவிடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து பள்ளத்திலும் விளிம்பிலும் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸ், ஆயில் கூடாது, ரப்பர் ஊதிப் பழுதாகும். பீடிங்கை முன்னாடியே ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு வைத்தால் கைக்கு நன்றாக வளையும்.

வெளியே நிற்பவர் கண்ணாடியைக் கீழ் விளிம்பில் உட்காரவைத்து அழுத்துகிறார். உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுக்கிறார். தன்னை நோக்கி நேராக இழுத்தால் உதடு கிழியும். கண்ணாடியை ஒட்டினாற்போல, அதன் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். கயிறு வெளியே வர வர, மடிந்திருந்த ரப்பர் உதடு விரல் அகலம் விரல் அகலமாகத் தகட்டைத் தாண்டிப் புரண்டு உள்ளே படியும். கயிறு எங்கே வருகிறதோ, வெளியே உள்ளங்கை சரியாக அங்கேயே தட்ட வேண்டும். கீழ்ப்பக்கம், கீழ் மூலைகள், பக்கவாட்டு, கடைசியில் மேல்பக்கம். மூலையில் சிக்கினால் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு, வெளியே இருப்பவரைக் கூடுதலாக அழுத்தச் சொல்லுங்கள்.

பீடிங்கின் நடுவில் லாக் பீடிங் (தனியாகச் செருகி இறுக்கும் பட்டை) போடும் வகையென்றால் அது கடைசி வேலை. அதற்கு முன்னால், வெளிப்பக்க உதடுகளைத் தூக்கி, காயாமல் களிம்பாகவே நிற்கும் சீலன்ட்டைக் கண்ணாடிப் பக்கமும் தகட்டுப் பக்கமும் செலுத்துங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டாம். காயும்போது காடி வாசம் வருகிறதே, அந்த அமிலம் தகட்டை அரிக்கும். தவிர, அடுத்த முறை பீடிங்கைக் கழற்றவும் விடாது.

மறுநாள் ஹோஸ் பைப்பில் சோதனை. அழுத்தம் குறைவாக வைத்து, கீழ் விளிம்பில் தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் விட்டு மேலே ஏறுங்கள். எடுத்ததும் மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மேல் மூலையில் புகுந்து வேறெங்கோ சொட்டும். உள்ளே பீடிங் ஓரமெல்லாம் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வைத்தால் முதலில் நனையும் இடம் காட்டிக்கொடுக்கும். டிஷ்யூ காய்ந்தே இருந்து டிக்கியில் மட்டும் தண்ணீர் நின்றால் கண்ணாடியைத் தொட வேண்டாம், டிக்கி மூடியின் ரப்பரைப் பாருங்கள்.