'வசதியான நேரத்தில்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

பரஸ்பர சம்மத விவாகரத்து எங்களுக்குச் சுலபமாகவே முடிந்தது. நகை, பாத்திரம் பிரிப்பதில்கூடத் தகராறு இல்லை. சமரச ஒப்பந்தத்தில் மகளைப் பற்றி ஒரே ஒரு வரி: குழந்தை தாயிடம் இருக்கும், இரு தரப்புக்கும் வசதியான நேரத்தில் தந்தை பார்த்துக்கொள்ளலாம். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பெருந்தன்மையான வரி என்றுகூட நினைத்தேன். அது என்னுடைய ஒன்றே முக்கால் வருடத்தைத் தின்றுவிட்டது.

மகளின் அம்மா தன் பெற்றோர் ஊருக்குப் போய்விட்டார். இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் தேர்வு, ஒரு வாரம் கோயில் கொடை. விடியற்காலையில் இறங்கிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியதும் உண்டு. உத்தரவை மீறினார் என்று சொல்லலாமா? எதை மீறினார்? அவருக்கு வசதிப்படவில்லை, அவ்வளவுதான். நாளும் மணியும் இடமும் இல்லாத உத்தரவை எப்படி நிறைவேற்றச் சொல்வது என்று வக்கீல் என்னையே திருப்பிக் கேட்டார்.

சந்திப்பு நேரத்தை வரையறுத்துத் தரக் கேட்டு, 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் கீழ் என் ஊரிலேயே மனுப் போட்டோம். மனு திரும்பி வந்தது. குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். 9வது பிரிவில் தெளிவாகவே இருக்கிறதாம். அந்த வக்கீலுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். விவாகரத்து கொடுத்த நீதிமன்றத்திலேயே இந்துத் திருமணச் சட்டத்தின் 26வது பிரிவின்படி கேட்டிருக்கலாம் என்று பின்னால் ஒரு வக்கீல் குமாஸ்தா டீக்கடையில் சொன்னார். அப்போது வயிறு எரிந்தது. இப்போது யோசித்தால், மகளை எட்டு மணி நேரம் அலைய வைக்காமல் அவள் ஊரிலேயே போட்டது நல்லதுதான்.

அங்கே போனால் அடுத்த சிக்கல். என்னிடம் இருந்த தீர்ப்பாணை வெறும் ஜெராக்ஸ். அதிலும் சமரச ஒப்பந்தப் பக்கங்கள் இல்லை. "சான்றிட்ட நகல் இல்லாமல் மனுவுக்கு எண் கொடுக்க மாட்டார்கள் சார்" என்றார் பிரிவு எழுத்தர், என் முகத்தைப் பார்க்காமலே. மறுபடி என் ஊருக்கு வந்து நகல் மனுப் போட்டு வாங்க மூன்று வாரம் ஆனது. தீர்ப்பு வந்த வாரமே, ஒப்பந்தத்தோடு சேர்த்து இரண்டு சான்றிட்ட நகல் வாங்கி வைத்துவிடுங்கள். அப்போது முடியும் வேலை. பிறகு அதுவே ஒரு தனி யாத்திரை.

இன்னொரு கணக்கையும் தப்பாகப் போட்டேன். கோடை விடுமுறைக்கு மகளைப் பத்து நாள் அழைத்துவரலாம் என்று ஏப்ரல் கடைசியில் இடைக்கால மனு கொடுத்தேன். அந்த நீதிமன்றத்துக்கும் மே மாதம் விடுமுறை. வாய்தா ஜூனில் விழுந்தது, பள்ளி திறந்துவிட்டது. கோடைக்குக் கேட்பதென்றால் பிப்ரவரியிலேயே கேளுங்கள்.

ஐந்து வயது முடிந்தால் குழந்தை தானாக அப்பாவிடம் வந்துவிடும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். நம்பாதீர்கள். ஐந்து வயதுக்குள் சாதாரணமாகத் தாயிடம் என்றுதான் 1956ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகு அப்பாவிடம் என்று எங்கும் சொல்லவில்லை. குழந்தையின் நலன்தான் பெரிது.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்த அன்று ஆத்திரத்தில் "இதற்கெல்லாம் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தேன். எதிர்த் தரப்பு அதை அச்சிட்டுத் தாக்கல் செய்தது. சாட்சியச் சட்டப்படி செல்லாது என்று என் வக்கீல் எழுந்தார். குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14வது பிரிவு அந்தக் கெடுபிடிக்கெல்லாம் இடம் தரவில்லை. நீதிபதி அதை நிதானமாக வாய்விட்டுப் படித்தார். தனியாகப் படித்தபோது கோபமாக இருந்த வரி, அந்த அறையில் மிரட்டலாகத்தான் ஒலித்தது.

என்னைக் காப்பாற்றியது ஒரு நாற்பது பக்க நோட்டு. போன தேதி, பஸ் டிக்கெட், பார்த்தேனா இல்லையா என்று ஒட்டி எழுதி வைத்திருந்தேன். பதினொரு பயணம், நான்கு சந்திப்பு. நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். அன்றைக்கே இடைக்கால உத்தரவு: மாதம் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகச் சந்திப்பு அறையில் இரண்டு மணி நேரம்.

முதல் சனிக்கிழமை ஆளுயரப் பொம்மை வாங்கிப்போனேன். மகள் பாட்டியின் முந்தானைக்குள் நின்றுகொண்டு பொம்மையையே பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அறையில் ஒரு கை உடைந்த சறுக்குமரம், மூடி இல்லாத ஸ்கெட்ச் பேனாக்கள். நான் தரையில் உட்கார்ந்து, காய்ந்துபோன பச்சைப் பேனாவால் ஒரு சைக்கிள் வரைய முயன்றேன். முக்கால் மணி கழித்துப் பக்கத்தில் வந்து, "அப்பா, என் சைக்கிள் அங்கேயே இருக்கிறதா?" என்று கேட்டாள். பொம்மை வாங்கிய காசுக்கு ஒரு புதுப் பேனா டப்பா வாங்கியிருக்கலாம்.

இறுதி உத்தரவில் எல்லாம் இருக்கிறது: முதல், மூன்றாம் சனி காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, யார் கொண்டுவந்து விடுவது, எந்த வாசலில், பொங்கல் ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே, கோடையில் பத்து நாள், புதன், ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு, காய்ச்சல் என்றால் ஈடாக அடுத்த சனி. இந்தக் கடைசி வரியைக் கேட்டு வாங்கியதுதான் என் ஒரே கெட்டிக்காரத்தனம்.

போன சனிக்கிழமை பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. "பத்து நிமிடம் தாமதமாகும்" என்று அனுப்பினேன். "சரி" என்று பதில் வந்தது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். பழக்கதோஷம்.