அபாயாவை விடுங்கள், காற்றைப் பற்றிக் கேளுங்கள்

சவூதிக்கு டைவிங் போய்வந்தேன் என்று சொன்னால் போதும், எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "என்ன போட்டுக்கிட்டு தண்ணிக்குள்ள இறங்கினே?" அம்மா கேட்டாள், அலுவலகத்தில் கேட்டார்கள், விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்ட டாக்சிக்காரரும் கேட்டார். வேறு எங்கே போனாலும் போடுவதைத்தான் போட்டேன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற வெட்சூட். அதைவிட அடக்கமான உடையை எந்தப் பெரியவர் கேட்டுவிடப் போகிறார்?

சரி, உடைக் கதையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 2019 செப்டம்பரில் சுற்றுலா விசாவைத் திறந்தபோதே, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா, அதாவது உடலை மூடும் தளர்ந்த நீள அங்கி, கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தோளும் முழங்காலும் மறைந்தால் சரி. ஜித்தா முழுக்க நான் சுற்றியது பருத்திச் சல்வார் கமீஸில். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண் தனியாக ஹோட்டல் அறை எடுக்கலாம். பொதுக் கடற்கரையில் நீச்சலுடை வேண்டாம். ஜித்தாவை ஒட்டிய ஓபுர் பக்கத்துத் தனியார் கடற்கரைகளிலும் படகிலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. மது கிடையாது. டைவ் முடிந்து பேரீச்சையும் கஹ்வா என்ற அரபுக் காபியும் வரும். உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிற நேரத்தில் பியர் இல்லாதது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்னை அலைக்கழித்தது காகிதமும் காற்றும்.

விசா பெரிய பாடில்லை. வளைகுடா நாடு ஒன்றில் வசிப்பு விசா இருந்தால் இணையத்திலேயே வாங்கிவிடலாம், எனக்கு அப்படித்தான் கிடைத்தது. பாடு அதற்கப்புறம். அங்கே படகில் ஏறுவது கிட்டத்தட்ட எல்லை தாண்டுவது மாதிரி. ஏறுகிற ஒவ்வொருவர் பெயரும் எல்லைக் காவல் படையிடம் போகும், அவர்கள் தலையசைத்தால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். எங்களோடு வந்த ஒருவர் பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போனில் படம் மட்டும் எடுத்து வந்திருந்தார். அவர் திரும்பிப் போய் அசலைக் கொண்டுவரும்வரை அத்தனை பேரும் வெயிலில் காத்திருந்தோம்.

காற்றோ யார் பேச்சையும் கேட்காது. செங்கடலின் வட பாதியில் ஆண்டு முழுக்க வடமேற்குக் காற்றுதான் ராஜா. ஜித்தாவிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் வடக்கே போய் யன்புவில் இறங்கினால், காலையில் "இன்னிக்குப் படகு இல்லை" என்ற செய்தி காத்திருந்தது. மறுநாளும் அதே செய்தி. யன்பு ஒரு தொழில் நகரம். கடலை எடுத்துவிட்டால் சுற்றுலா வந்தவருக்கு அங்கே செய்ய அதிகமில்லை. ஹோட்டல் ஜன்னலில் நின்றபடி பேரீச்ச மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்ப்பதே பொழுதுபோக்காகிவிட்டது.

ஒருவழியாகக் காற்று தணிந்து 'ஏழு சகோதரிகள்' பவளத் திட்டுகளுக்குக் கிளம்பினோம். வழிகாட்டி ஒரு சவூதிப் பெண். தலையையும் சேர்த்து மூடும் ஹூட், இடுப்பில் கத்தி, குரலில் கண்டிப்பு. நான் டைவிங் கற்றது அந்தமானில் என்றதும் கேட்காமலேயே என் பெல்ட்டில் ஒரு ஈயக்கட்டியைச் சேர்த்தார். செங்கடலில் கலக்கும் பெரிய ஆறு எதுவும் இல்லை, வெயிலோ நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் லிட்டருக்கு 40 கிராம் வரை உப்பு. சாதாரணக் கடலில் 35 கிராம்தான், அந்தமானில் அதற்கும் குறைவு. பழைய எடையோடு குதித்திருந்தால் தக்கையாக மிதந்திருப்பேன்.

கீழே, என்ன சொல்ல. பவளச் சுவர் நேராக நீலத்துக்குள் இறங்குகிறது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடி ஜோடியாக. செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. பொந்துக்குள் வாயைத் திறந்து திறந்து மூடும், பாம்பு போன்ற அஞ்சாலை மீன். என் தொடை அளவுக்கு ஒரு களவா மீன், நகர மாட்டேன் என்று கிடந்தது. வேறொரு டைவரின் குமிழிகூடக் கண்ணில் படவில்லை. பிரபலமான இடங்களில் வரிசையில் நின்று பவளம் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் யன்புவுக்கு ஆட்கள் போவது சுத்தியல் மாதிரித் தலை கொண்ட கொம்பன் சுறாவுக்காக. நாங்களும் சுவரை விட்டு விலகி நீலத்தில் தொங்கிக்கொண்டு காத்திருந்தோம். பாரை மீன் கூட்டம் வந்தது, போனது. சுறா வரவில்லை.

படகில் வேலை செய்தவர் கன்னியாகுமரிக்காரர், முன்பு சவூதியின் கிழக்குக் கரையில் மீன்பிடி விசைப்படகில் இருந்தவராம். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கொம்பன நா வலையிலதான் பாத்திருக்கேன் மக்ளே. நீங்க காசு குடுத்துல்லா அது வீட்டுக்குப் போறிய."

விமானம் ஏறுமுன் ஒரு நாள் காலியாக இருந்தது. தாயிஃப் மலைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அதைக் கேட்டதும் வழிகாட்டி கை நீட்டித் தடுத்தார். தாயிஃப் சுமார் 1,800 மீட்டர் உயரம். டைவ் முடித்த உடம்பில் நைட்ரஜன் மிச்சமிருக்கும்போது அந்த மலையில் காரில் ஏறுவதும் ஆபத்துதான், உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகிவிடலாம். அதனால் ஜித்தாவிலேயே தங்கி, பழைய நகரமான அல் பலத் தெருக்களில் மரச் சாளர வீடுகளைப் பார்த்துவிட்டு மீன் சந்தைக்குப் போனேன். அங்கே ஐஸ் மேல், கிளி மீன்களுக்குப் பக்கத்தில், முழ நீளச் சுறாக்குட்டிகள்.

விளம்பரங்களில் 'மனிதக் கை படாத கடல்' என்று எழுதுகிறார்களே, அதைப் படித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. சுற்றுலாப் பயணிக்குப் பூட்டிய கதவு வலைக்குப் பூட்டியதில்லை. சவூதியில் சுறா பிடிக்கத் தடை 2008-லேயே வந்தது. ஆனாலும் எதிர்க்கரைச் சூடானைவிடச் சவூதிப் பக்கம் சுறாக்கள் மிகக் குறைவு என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஜித்தாவுக்கு வடக்கே துவல் பக்கம் கரையோரப் பவளங்கள் 2015 வெப்பத்தில் மோசமாக வெளுத்தன. இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் பார்க்கக் கிடைக்கிறவற்றின் மதிப்பு கூடும் என்பது என் எண்ணம். டைவர்கள் காசோடு வரத் தொடங்கினால் உயிரோடு நீந்தும் சுறாவுக்கு ஐஸ் மேல் கிடக்கும் சுறாவைவிட விலை ஏறலாம். ஏறாமலும் போகலாம். அதற்குள் தீவுகளில் ஹோட்டல்கள் முளைத்துவிட்டன.

நவம்பரில் போனால் 3 மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட் தாராளம். திமிங்கலச் சுறா வேண்டும் என்றால் ஜித்தாவுக்குத் தெற்கே அல் லித், மார்ச் முதல் மே வரை. ஷிப் ஹபில் என்ற திட்டுக்கு வருபவை பெரும்பாலும் குட்டிகள். உலகில் இப்படிக் கூடும் பல இடங்களில் ஆண் சுறாக்களே அதிகம், இங்கே ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சரிசமம். ஏன் என்று ஆராய்ச்சியாளர்களே மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். ஏப்ரலுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காற்றுக்கும் சேர்த்து, கொஞ்சம் கூடுதலாகவே.