மோனேயின் சூரியன்: நகல் ஓவியம் இதுவரை

க்ளோத் மோனே 1872-இல் லெ ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ ஓவியத்தை, வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்து வருகிறேன். பாரிஸின் மர்மோத்தான் மோனே அருங்காட்சியகத்திலுள்ள மூல ஓவியம் 48 × 63 சென்டிமீட்டர். நான் அதே விகிதத்தில் 40 × 52.5 சென்டிமீட்டர் கேன்வாஸை எடுத்துக்கொண்டேன். மூலத்தின் அதே அளவில் வரையக் கூடாது, ஓவியரின் கையொப்பத்தைப் போடக் கூடாது என்பவை லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகலெடுப்போருக்கான விதிகள். வீட்டில் வரைபவருக்கும் அவை பொருந்தும் என்பதே என் எண்ணம்.

வானத்தையும் நீரையும் டர்பன்டைன் என்ற கரைப்பான் கலந்த மெல்லிய அடிப்பூச்சாக முடித்துவிட்டேன். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் உள்ளது உலர்வதற்குள் மேலே உள்ளது இறுகி, நாளடைவில் வெடிப்பு விடும்.

இந்த ஓவியத்தின் உயிர் அந்தச் சிறிய ஆரஞ்சு வட்டத்தில்தான் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் அந்தச் சூரியன், ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. சுற்றியுள்ள சாம்பல் நீலத்தைவிட அது வெளிச்சமானதல்ல என்பதும், நிறத்தால் மட்டுமே வேறுபட்டு நிற்கிறது என்பதும் இதற்குக் காரணம். வெளிச்ச வேறுபாட்டை உணரும் பார்வைப் பகுதிக்கு அது தனியாகப் புலப்படுவதில்லை. நிறத்தை உணரும் பகுதிக்கோ தெளிவாகத் தெரிகிறது. சூரியன் மூட்டத்தில் துடிப்பதுபோல் தோன்றுவதற்கு இந்த முரணையே காரணமாகச் சொல்கிறார்கள். ஆகவே, சூரியன் என்றாலே பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வெள்ளையைக் கூட்டும் நகல்களில் வட்டம் மட்டும் எஞ்சுகிறது, துடிப்பு போய்விடுகிறது.

இதைச் சரிபார்க்க, தனி அட்டையில் வானத்தின் சாம்பல் நீலத்தைப் பூசி, அதன் நடுவே காட்மியம் ஆரஞ்சைப் புள்ளி புள்ளியாக வைத்து, கைபேசியின் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்தேன். வெள்ளை சேர்த்த புள்ளிகள் வெளிறித் தனித்துத் தெரிந்தன. கலப்பில்லாத ஆரஞ்சு வானத்தைவிடக் கருத்து நின்றது. ஆரஞ்சுக்கு வெள்ளை சேர்த்தால் அதன் வீரியம் குறைந்துவிடும் என்பதால், சூரியனைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள வானத்தில் அல்ட்ரமரைன் என்ற அடர்நீலமும் சிறிது எரிமண் பழுப்பும் கூட்டி ஒரு படி இறக்கினேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் புள்ளியும் வானமும் ஒன்றில் ஒன்று கரைந்த பிறகே கேன்வாஸில் சூரியனில் கை வைத்தேன். எல்லாக் கைபேசிகளும் நிறத்தை ஒரே விதமாகச் சாம்பலாக மாற்றுவதில்லை. ஆதலால் கண்ணைப் பாதி மூடிப் பார்க்கும் பழைய வழியையும் சேர்த்தே நம்புகிறேன்.

நீரில் விழும் சூரியக் கீற்றுகளைத் தூரிகை நிறைய வண்ணம் எடுத்து, இழுத்த இடத்தில் அப்படியே விட வேண்டும்; திரும்பத் தடவினால் அடியிலுள்ள நீலம் ஏறி ஆரஞ்சு சேறாகும். முன்படகு முடிந்தது. பின்னால் மங்கி நிற்கும் படகுகளும் புகை சூழ்ந்த பாய்மரங்களும் மீதமிருக்கின்றன. வார்னிஷைத் தடித்த கீற்றுகள் உள்வரை உலர்வதற்கு ஆறு மாதமாவது விட்ட பிறகே பூசுவேன். கேன்வாஸின் பின்புறத்தில் ‘மோனேயின் ஓவியத்தைப் பார்த்து வரைந்த நகல்’ என்று எழுதி, என் பெயரையும் ஆண்டையும் குறித்துவிட்டேன்.