ஆர்டிபிஐ ஏபிசி: 3,000 சொல்லில் 11 திறன்களை நிரூபிப்பது எப்படி

பிரிட்டனில் சீனியர் ப்ளானர் (நகரத் திட்டமிடுநர்) வேலை விளம்பரங்களைப் புரட்டினால் பெரும்பாலானவற்றில் ஒரு நிபந்தனை இருக்கும்: எம்ஆர்டிபிஐ உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது விரைவில் ஆகப்போகிறவராக இருக்க வேண்டும். ராயல் டவுன் ப்ளானிங் இன்ஸ்டிட்யூட் (ஆர்டிபிஐ) தரும் சார்ட்டர்டு ப்ளானர் தகுதி அது. 1914-ல் தொடங்கி 1959-ல் அரச சாசனம் பெற்ற அமைப்பு. அது அங்கீகரித்த படிப்பை முடித்து லைசென்ஷியேட்டாக (சார்ட்டர்டு நிலைக்கு முந்தைய உறுப்பினராக) இருப்பவர்கள் மேலே போக ஏபிசி என்ற தொழில்முறைத் திறன் மதிப்பீட்டைக் கடக்க வேண்டும். தேர்வறை இல்லை, நேர்காணல் இல்லை. எழுதிக் கொடுக்கிறோம், இரண்டு சார்ட்டர்டு ப்ளானர்கள் படித்துத் தீர்ப்பு சொல்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும். நன்றாக வேலை தெரிந்தவர்களும் இதில் திரும்பி வருகிறார்கள்.

எழுத வேண்டியவை மூன்று. 1,000 சொல்லில் பணி அனுபவ அறிக்கை, 3,000 சொல்லில் திறன் அறிக்கை, 1,500 சொல்லில் வளர்ச்சித் திட்டம். குறைந்தது இரண்டு ஆண்டு திட்டமிடல் அனுபவம் வேண்டும். சார்ட்டர்டு உறுப்பினர் ஒருவர் ஸ்பான்சராக நிற்க வேண்டும். அவரைக் கடைசி வாரத்தில் பிடிக்காதீர்கள். முழுவதையும் படித்துப் பார்த்துத்தான் அவர் கையெழுத்திட வேண்டும். அனுபவத்தை உறுதிப்படுத்த வேண்டிய பழைய மேலாளர் வேறு வேலைக்குப் போயிருந்தால் தேடிப் பிடிக்கவே நாளாகும். ஆகவே வேலை மாறும்போதே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

அனுபவ அறிக்கையில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. எங்கே, எப்போது முதல் எப்போது வரை, என்ன பொறுப்பு, அது எப்படிக் கூடியது என்று எழுதினால் போதும். பயோடேட்டாவை நீட்டி எழுதுவதுதான் இதில் வழக்கமான கோளாறு. 'வீட்டு நீட்டிப்பு விண்ணப்பங்களைக் கையாண்டேன்' என்பதோடு நிறுத்தாமல், அந்த வேலை எதைக் கற்றுக்கொடுத்தது, அடுத்த பொறுப்பு எதனால் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். வெறும் நிர்வாக வேலையும் திட்டமிடல் வேலையும் கலந்த பதவி என்றால் திட்டமிடல் பங்கு எது என்பதைப் பிரித்துக் காட்டுங்கள்.

உண்மையான சோதனை திறன் அறிக்கைதான். 11 திறன்கள், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் தேற வேண்டும். பத்தில் பிரமாதமாக எழுதி ஒன்றைக் கோட்டை விட்டாலும் முழுவதும் திரும்பும். திறனைக் காட்ட நீங்கள் எடுத்துக்கொள்ளும் சொந்த வேலையைத்தான் இங்கே வழக்கு என்கிறேன். வழக்கை அறிமுகம் செய்ய 250 சொல் போனால் ஒரு திறனுக்குச் சராசரியாக 250 சொல்தான் மிஞ்சும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் வழக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வழக்கு எடுத்தால் பின்னணி சொல்லவே இடம் தீர்ந்துவிடும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

எந்த வழக்கு? 2,000 வீட்டுத் திட்டத்தில் ஆறு பேர் குழுவில் ஒருவராக இருந்ததை எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை. அங்கே முடிவெடுத்தவர் வேறொருவர் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பழைய கராஜ் வரிசையை இடித்து 12 வீடு கட்டும் விண்ணப்பத்தைக் கவுன்சில் அதிகாரியாக நீங்களே கையில் வைத்திருந்தீர்கள் என்றால் அதுதான் சரியான வழக்கு. இங்கிலாந்தில் 10 வீட்டைத் தொட்டாலே மேஜர் விண்ணப்பம். முடிவு சொல்லும் கெடு 8 வாரத்திலிருந்து 13 வாரமாகிறது. குறைந்த விலை வீடு கேட்கலாம், செக்‌ஷன் 106 ஒப்பந்தம் (அனுமதிக்கு ஈடாக டெவலப்பர் தரும் உறுதிமொழி) வரும், 10 சதவீதப் பல்லுயிர் ஆதாயக் கணக்கு (இயற்கை வாழிடத்தை முன்பைவிடக் கூட்டிக் காட்டுவது) வரும், கவுன்சிலர்களின் திட்டமிடல் கமிட்டிக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. சட்டம், பொருளாதாரம், அரசியல் மூன்றும் ஒரே மனையில் கிடைக்கின்றன. எல்லாம் சுமுகமாக முடிந்த வழக்கை எடுக்காதீர்கள், அதில் எழுத எதுவும் இருக்காது.

அந்த 12 வீட்டையே வைத்துப் பார்ப்போம். பிரச்சினையை அடையாளம் காண்பது, தகவல் திரட்டுவது, வழிகளை எடைபோடுவது, செயல்படுத்துவது ஆகிய நான்கும் தனித்தனித் திறன்கள். நான்கிலும் ஒரே கதையைத் திருப்பிச் சொல்கிறவர்கள் அதிகம். கராஜ் போனால் கார்கள் தெருவுக்கு வரும் என்பது பிரச்சினை. விண்ணப்பதாரரின் பார்க்கிங் கணக்கெடுப்பு பகலில் எடுத்தது, குடியிருப்போர் எல்லோரும் வீட்டிலிருக்கும் இரவில் மறுபடி எடுக்கச் சொன்னேன் என்பது தகவல். நிராகரிப்பது, வீட்டு எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது, நிபந்தனையோடு அனுமதிப்பது ஆகியவற்றில் நடுவிலுள்ளதை ஏன் விட்டீர்கள் என்பது எடைபோடுவது. விட்ட வழிக்குக் காரணம் சொல்லாமல் தேர்ந்த வழியை மட்டும் எழுதினால் அந்தத் திறன் நிற்காது.

வேறு தகுந்த காரணம் இல்லாவிட்டால் வளர்ச்சித் திட்டக் கொள்கைப்படியே முடிவெடுக்க வேண்டும் என்பது 2004-ம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6) பிரிவு. சட்டத் திறனில் அதை வரிக்கு வரி எடுத்துப் போட்டால் சுமார் 40 சொல் வீண். மதிப்பீட்டாளருக்கு அது மனப்பாடம். உள்ளூர்த் திட்டத்தின் பார்க்கிங் கொள்கைக்கு இந்த விண்ணப்பம் முரணாக இருந்தும், எந்தக் காரணங்கள் அந்த முரணைவிட எடை கூடியவை என்று நீங்கள் முடிவு செய்தீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது பொருளாதாரம், அரசியல், அறநெறி ஆகிய மூன்றில். பொருளாதாரம் என்றால் 'இத்திட்டம் வேலைவாய்ப்பைப் பெருக்கும்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். குறைந்த விலை வீடு தந்தால் கட்டுப்படியாகாது என்று டெவலப்பர் ஒரு வையபிலிட்டி (கட்டுப்படியாகும் தன்மை) அறிக்கை கொடுத்திருப்பார். மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் லாபம் என்பது அரசு வழிகாட்டுதல் ஏற்கும் அளவு. அவர் எந்த முனையைப் பிடித்தார், நிலத்துக்கு என்ன மதிப்பு போட்டார், அதில் எதை நீங்கள் கேள்வி கேட்டீர்கள், கடைசியில் எத்தனை வீடு கிடைத்தது என்று எழுதுங்கள். கன்சல்டன்சியில் இருப்பவர்களுக்கு இதே கணக்கு மறுபக்கத்திலிருந்து தெரியும். கிளையண்டுக்குத் தாமதத்தால் வரும் செலவும் பொருளாதாரம்தான்.

அரசியல் என்றால் கட்சிக் கருத்து அல்ல. வார்டு கவுன்சிலர் விண்ணப்பத்தைக் கமிட்டிக்கு இழுக்கிறார், உறுப்பினர்கள் பார்க்கிங்கை வைத்தே நிராகரிப்பார்கள் என்று தெரிகிறது. அதற்காக அறிக்கையில் எதை முன்னால் வைத்தீர்கள், மேல்முறையீட்டில் தோற்கும் அபாயத்தை எப்படிச் சொன்னீர்கள்? அதுதான் விடை.

அறநெறியில் பெரும்பாலோர் ஆர்டிபிஐ நன்னடத்தை விதிகளின் ஐந்து அடிப்படைகளைப் பட்டியலிட்டுவிட்டு நகர்கிறார்கள். விதிகளை அறிந்திருப்பது முதல் திறனில் வந்துவிடுகிறது. எட்டாவது திறன் கேட்பது உண்மையான இக்கட்டு. அறிக்கையின் ஒரு பத்தியை மென்மையாக்கச் சொல்லி அழுத்தம் வந்தால், சுயேச்சையான தொழில்முறைத் தீர்ப்பு என்ற விதி அங்கே எதைக் கோருகிறது, நீங்கள் யாரிடம் போனீர்கள், எழுத்தில் என்ன பதிவு செய்தீர்கள்? பரிசுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்த கதை வேண்டாம். அதில் இக்கட்டு எதுவும் இல்லை.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது', 'எங்கள் குழு பரிந்துரைத்தது' என்று எழுதியே பழகியவர்கள் நாம். தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்ற கூச்சம் வேறு. இங்கே அந்த அடக்கம் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். முதல் வரைவு முடிந்ததும் 'நாங்கள்' வரும் இடங்களையெல்லாம் தேடி, உங்கள் பங்கு என்ன என்று பிரித்து எழுதுங்கள். பிரிக்க முடியாத வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் 'ஏனென்றால்' ஒருமுறையாவது வருகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனை. கிளையண்ட் பெயரையும் கணக்குகளையும் போடுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள், இல்லையேல் பெயர் நீக்கி எழுதுங்கள்.

வளர்ச்சித் திட்டத்தைக் கடைசி வார இறுதிக்கு ஒதுக்கி வைப்பது பெரிய தப்பு. அதுவும் மதிப்பிடப்படுகிறது. பலம், பலவீனம், வாய்ப்பு, இடையூறு என்ற அலசல், அதிலிருந்து அடுத்த இரண்டு ஆண்டுக்கான இரண்டு மூன்று இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் செயல்கள் என்பது அமைப்பு. மூன்றும் தொடர்ந்து வர வேண்டும். வையபிலிட்டி பலவீனம் என்று எழுதிவிட்டு இலக்கில் ஜிஐஎஸ் (கணினி வரைபட மென்பொருள்) பயிற்சி போட்டால் கேள்வி எழும். 11-வது திறனான சுயபரிசீலனையில் 'அடுத்த முறை இதை வேறு மாதிரி செய்வேன்' என்று சொன்னது இங்கே ஒரு இலக்காக வந்தே தீர வேண்டும். 'கருத்தரங்குகளில் கலந்துகொள்வேன்' என்பது செயல் அல்ல. எந்த மாதத்துக்குள், யாருடைய உதவியோடு, எவ்வளவு நேரம், கற்றது எந்த வேலையில் தெரியும் என்பது வேண்டும்.

திரும்பி வந்தால் எந்தத் திறன்கள் நிற்கவில்லை என்ற குறிப்போடு வரும். அந்தப் பத்திகளில் நாலு வரி ஒட்டி அனுப்புவதைவிட, வழக்கே அந்தத் திறனைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். தாங்காத வழக்கை மாற்றுவதற்கு ஒரு மாதம் கூடுதலாகப் போனாலும் நஷ்டமில்லை. தேறிய பிறகு இரண்டு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம், அதாவது மாதத்துக்கு இரண்டு மணிக்குச் சற்று மேல். ஏபிசிக்காக எழுதிய வளர்ச்சித் திட்டத்தையே அதன் முதல் பதிவாக வைத்துக்கொள்ளலாம்.