அப்பாவுக்குக் கனவு நின்றுபோனது

ஜூலை 12

பக்கவாதம் வந்து ஏழு வாரம். கை பரவாயில்லை, டம்ளர் பிடிக்கிறார். இன்று காலை டீயை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தி, "கனவே வர்றதில்ல கண்ணு" என்றார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருஷம் கொலுசு செய்தவர், விடிந்ததும் முதல் வேலையாகக் கனவைச் சொல்லிவிடுவார், சலங்கையெல்லாம் கொட்டிச் சாக்கடையில் ஓடுவது, செத்துப்போன பாட்டி வந்து கூலி கேட்பது என்று. டாக்டரிடம் சொன்னேன். ஸ்கேனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தூக்கம் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்றார்.

ஜூலை 15

நான் சைக்காலஜி படித்தபோது, கனவுக்கு அர்த்தம் சொன்ன ஃப்ராய்டு அரை மணி நேரத்தில் முடிந்துபோனார், அறிவியல் இல்லை என்று. அந்த மனிதர் முதலில் நரம்பியல் டாக்டர் என்பதையும், 1895இல் மனதை நரம்பணுக்களின் கணக்காகவே எழுதப் பார்த்துப் பாதியில் கைவிட்டார் என்பதையும் (அது அச்சானதே 1950இல், அவர் இறந்து பதினொரு வருஷம் கழித்து) யாரும் சொல்லவில்லை.

1977இல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் கனவுக்கு மூலம் மூளைத்தண்டு என்றார்கள்: கண்மணி உருளும் ரெம் தூக்கத்தில் அங்கிருந்து கிளம்பும் தாறுமாறான தூண்டலுக்கு மேல்மூளை ஒரு கதை கட்டுகிறது, அவ்வளவுதான். அப்பாவுக்கு மூளைத்தண்டில் ஒன்றுமில்லை, ரிப்போர்ட்டில் இருப்பது பெரைட்டல் பகுதி, மூளையின் மேல் பின்பக்கம். மார்க் சோம்ஸ் என்ற தென்னாப்பிரிக்கர், மூளையும் படித்து ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வும் கற்றவர், மூளை அடிபட்டவர்களிடம் 'கனவு வருகிறதா?' என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பெரைட்டலிலோ, முன்மூளையின் ஆழத்தில் ஆசையையும் தேடலையும் கிளப்பிவிடும் நரம்பிழைகளிலோ பழுது வந்தவர்களுக்குக் கனவு நின்றிருந்தது. கனவு நின்றதை ஸ்கேனில் கண்டதில்லை, வாயால் கேட்டதுதான்.

ஆனால் ஆசைப் பாதை அறுந்தால் கனவு நிற்கிறது, அதனால் கனவென்பது ஆசை நிறைவேற்றம் என்று ஃப்ராய்டு சொன்னதும் சரி என்று தாவுவது எனக்கு ஒட்டவில்லை. டீசல் இல்லாமல் பஸ் ஓடாதுதான், அதற்காகப் பஸ் போகும் ஊர் டீசலில் எழுதியிருக்குமா?

ஜூலை 24

மழை. பிசியோதெரபிக்குப் போகவில்லை.

இப்போதெல்லாம் டீயோடு என் கனவைக் கேட்கிறார். ஏற்காடு பஸ்ஸில் போகிறேன், இருபத்தொன்றாவது கொண்டை ஊசி வளைவு வருகிறது என்றேன்.

"இருபதுதானே கண்ணு மொத்தம்?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அந்த இன்னொண்ணுல யாரு ஏறுனா?"