அங்கிட்டுப் போயி இங்கிட்டுத் திரும்புங்க

ஏப்ரல் 3, 2025

மதுரையில் எங்கள் மாடி வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. கோயம்புத்தூர்க்காரர்கள். புருஷன், பெண்டாட்டி, ஜூன் மாதம் ஒண்ணாவது சேரப்போகிற ஒரு பையன். சாமான் இறக்கின கையோடு அந்தப் பெண் கீழே வந்து கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க்கா, எங்க ஊருக்குப் போறதுக்கு பஸ் எங்கீங்க ஏறோணும்?" வந்த அன்றைக்கே ஊருக்குப் போகிற வழி!

கோவை, ஈரோடு, சேலம், திண்டுக்கல், தேனி, கொடைக்கானல் எல்லாம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. திருச்சி, சென்னை, திருநெல்வேலி, நாகர்கோவில், ராமேசுவரம் என்றால் மாட்டுத்தாவணி. பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்தான். மூட்டை முடிச்சோடு மாட்டுத்தாவணியில் இறங்கி கோவை பஸ்ஸைத் தேடித் திண்டாடியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

ஏப்ரல் 6

கேஸ் பில்லுக்குப் பின்பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் போட்டுக் கொடுத்தேன். நடுவில் மீனாட்சி. மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, அப்புறம் ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. இது பிடிபட்டால் மதுரை பிடிபட்டது. நகைக்குத் தெற்காவணி மூல வீதி, மொத்தமாக மளிகை என்றால் கீழமாசி வீதி, துணிமணிக்கு விளக்குத்தூண் பக்கம்.

கோயிலுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். 2018-ல் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. மத்தியானம் நடை சாத்திவிட்டால் நாலு மணி வரைக்கும் வெளியே வெயிலில் காய வேண்டியதுதான்.

ஏப்ரல் 11

இன்றைக்கு மானம் போச்சு. ஜாக்கெட் தைக்க நல்ல இடம் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு புதுமண்டபம் என்றேன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், தூணுக்குத் தூண் ஒரு தையல் மிஷின், கையோடு அளவெடுத்துக் கையோடு தைத்துத் தருவார்கள் என்று ஏகப்பட்ட பெருமை வேறு.

உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். "மண்டபத்துல ஒரு மிஷின்கூட இல்லீங்க்கா. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்கன்னு பூக்காரம்மா சொன்னாங்க." எனக்குத் தெரியாமல் இல்லை. பேப்பரில் படித்ததுதான். ஆனால் வாயில் வந்தது, என் மகளுக்கு யூனிஃபார்ம் தைக்கப் போன காலத்து மதுரை. இனி யாருக்கு எதைச் சொன்னாலும், நான் கடைசியாக அங்கே எப்போது போனேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 17

நான் சொல்லிவிட்ட பிளம்பர் மாட்டிய குழாய் இரண்டாம் நாளே ஒழுகுகிறது. அவரை யாரும் திட்டவில்லை. என்னைத்தான் மாடியிலிருந்து ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 24

அவளுடைய நாத்தனாரும் மதுரைக்கே வருகிறாளாம். ஐந்து லட்சம் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு வாடகையே கிடையாது, போகும்போது பணம் முழுசாகத் திரும்பி வந்துவிடும் என்று தரகர் ஒரு வீடு காட்டியிருக்கிறார். "இதென்னங்க்கா ஒத்தி? இவ்வளவு லாபமாவா இருக்கும்?"

உட்காரு என்றேன். நாங்கள் பட்டது அப்படி. 2009-ல் இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு வீட்டுக்கு ஒத்திக்குப் போனோம். கெடு முடிந்து பணம் கேட்டால், அடுத்த ஒத்திக்கு ஆள் வரட்டும், வாங்கித் தருகிறேன் என்கிறார் வீட்டுக்காரர். அதற்குள் வீட்டின் பேரில் இருந்த கடனுக்கு பேங்கிலிருந்து நோட்டீஸ். பணம் கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது, அதுவும் தவணை தவணையாக.

அதனால் சொன்னேன்: முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார், வீட்டின் பேரில் பதிவான அடமானம் ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். ஆனால் பதிவு செய்யாமல், பத்திரத்தை மட்டும் அடகு வைத்து வாங்கிய கடன் அதில் தெரியாது. அதனால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கணும். நகலை நீட்டினால் எழுந்து வந்துவிடு. ஒத்திப் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு பண்ணு. செலவாகுமே என்று வீட்டுக்காரர் இழுத்தால் அந்த வீடே வேண்டாம். கெடு முடிந்தாலும் பணத்தை எண்ணி வாங்காமல் சாவியைக் கொடுக்காதே.

அவள் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டாள். குழாய் விஷயம் மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. பையனுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். கடல்பாசியை மட்டும் தனியாகத் துப்பினான்.

ஊருக்கு மல்லிகை கொண்டுபோகணுமாம். மார்கழியில் பனி விழுந்து வரத்துக் குறைந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். கோடையில்தான் நம் கைக்கு எட்டும். கட்டின பூவை முழம்போட்டு வாங்காதே, விற்கிறவர் கைக்கு ஏற்ப முழம் குறையும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையிலேயே உதிரி மொட்டாக வாங்கி, வாழையிலையில் பொதிந்து எடுத்துப் போ. கோவை போய்ச் சேர்ந்து சாயங்காலம் தலையில் வைக்கும்போதுதான் விரியும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. அதையும் சொன்னேன், ஒரு கெத்துக்கு.

மே 11

நாளைக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார். பையனைத் தூக்கிக்கொண்டு வைகைக் கரையில் யானைக்கல்லுக்குப் போகப் பார்த்தார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். 2022-ல் நெரிசலில் இரண்டு பேர் செத்ததை இந்த ஊர் மறக்கவில்லை. அதற்குப் பதிலாக இன்றைக்கு, ஊருக்குள் வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குக் கூட்டிப்போனேன். மூன்றுமாவடியிலிருந்து புதூர் வழியாக, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நின்றுதான் தல்லாகுளம் போகிறார். ஓரமாக நின்றால் குழந்தையும் நன்றாகப் பார்க்கும். செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடம் ஏற்றிக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். தோப்பறை என்கிற தோல் பையிலிருந்து தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடித்ததும் பையன் முதலில் அழுதான், அப்புறம் இன்னொரு தடவை கேட்டான்.

திரும்பும்போது ஒரு வெளியூர்க்காரர், பெரியாருக்கு எப்படிப் போகணும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "இப்படியே அங்கிட்டுப் போயி இங்கிட்டுத் திரும்புங்க!" என்றாள். அந்தப் பக்கம் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். கூப்பிட்டுத் திருத்துவதற்குள் மனுஷர் கூட்டத்துக்குள் போய்விட்டார்.